குசினியை மணக்கும் லப்ரடோர்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே கச்சான் காற்றும் வெக்கையும், அதோடு அக்கா ஆக்கள் வரும்வரை இரண்டு கிழமைக்கு லப்ரடோரும் உன் தலையில். அது குசினி மேடையில் காலை வைத்துப் பாணை இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது நாய்க்கும் பொருந்தும். பத்துத் தடவை ஏமாந்து ஒரு தடவை அகப்பட்டாலே போதும், விடாமல் எட்டிப் பார்க்கும். 14 நாளில் நாயைத் திருத்த நினைக்காதே மச்சான். மேடையில் அதற்கு ஒன்றும் கிடைக்காமல் பார்த்துக்கொள்.

மேடை மூன்றடிதான். பின்னங்காலில் நின்றால் அதன் வாய் சுவரோரம் வரை போகும். பாண், சம்பல் கோப்பை, எண்ணெய்ச்சட்டி எல்லாம் அலுமாரிக்குள் போகட்டும். பாரை மீன் வெட்டிய பலகையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு, வெறும் தண்ணீருக்கு அந்த மணம் போகாது. அடுப்பின் திருகைக் காலால் தட்டித் திருப்பிவிடும், ஆகவே சமைத்து முடிந்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரையே மூடு.

ஏசிப் பயனில்லை. நீ நிற்கும்போது ஏறக்கூடாது என்று மட்டும் படிக்கும். நீ கிணற்றடிக்குப் போனதும் ஏறும்.

ஏறாதே என்பதைவிட எங்கே படுக்கவேண்டும் என்று காட்டுவது சுலபம். குசினி வாசலுக்கு வெளியே, உன்னைப் பார்க்கக்கூடிய இடத்தில், ஒரு சாக்கை மடித்துப் போடு. உப்புப் போடாமல் அவித்த கோழியை நகமளவு துண்டாக்கு. சாக்கில் படுத்ததும் ஒரு துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே வை. மேடையில் இருந்து எடுத்துக் கொடுத்தாயோ, மேடைதான் சாப்பாடு தரும் இடம் என்று மறுபடி நினைத்துவிடும். முதலில் மூன்று விநாடி, பிறகு பத்து, பிறகு ஒரு வெங்காயம் வெட்டும் நேரம். ஐந்து நிமிடமாக, நாளுக்கு மூன்று தடவை. இடையில் எழும்பினால் நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று அர்த்தம். பேசாமல் திரும்பப் படுக்கவைத்து நேரத்தைக் குறை. அக்கா என்ன சொல்லிப் பழக்கினார் என்று கேள். எங்கள் வீட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் 'சிட்', 'நோ' என்ற இங்கிலிஷ்தானே விளங்கும்!

எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதே, வாயைப் பிடித்து இழுக்காதே. பயத்தில் முழுசாக விழுங்கும், இல்லாவிட்டால் கடிக்கும். ஒரு கைப்பிடி கோழியைத் தள்ளி எறி, அது அதைப் பொறுக்கும்போது கவ்வியதை எடு.

பாண் துண்டு போனால் போகட்டும். வெங்காயம், உள்ளி, முந்திரிகை வற்றல் (காய்ந்த திராட்சை), சொக்லேட், சமைத்த கோழி எலும்பு, மாங்கொட்டை என்றால் விளையாட்டில்லை. வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும், சோர்வும் பல் முரசு வெளிறுவதும் சில நாள் கழித்துத்தான் தெரியும். வற்றல் சிறுநீரகத்தைத் தாக்கும். சத்தி எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, உப்புத்தண்ணீர் பருக்கவும் வேண்டாம், அதுவே நஞ்சாகும். விடியற்காலையில் உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் சங்கிலியைக் கழற்றாதே. கரைவலைக்காரர் கழித்து எறியும் பேத்தை மீன் காய்ந்து கிடந்தாலும் ஆளை முடிக்கும்.

நாயின் நிறையையும் மிருக வைத்தியரின் நம்பரையும் இன்றைக்கே அக்காவிடம் வாங்கி எழுதி ஒட்டிவை. என்ன தின்றது, எவ்வளவு தின்றது, என்ன நிறை என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

அன்புடன்,
குணா