பலாலி வழியே வா

அன்புள்ள மகளுக்கு,

தைப்பொங்கலுக்குச் சென்னையிலிருந்து கொழும்பு வழியாக வர எண்ணியிருப்பதாக எழுதியிருந்தாய். சீட்டைப் பதிவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடு.

சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 80 பாகையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே சென்னை விமான நிலையமுள்ள மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமுள்ள பலாலிக்கு வரும் நேர்கோடு கிட்டத்தட்ட நேர்தெற்கே இறங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர் மட்டுமே. கொழும்பு விமான நிலையமுள்ள கட்டுநாயக்கவுக்கோ 640 கிலோமீற்றருக்கு மேல். அதாவது நீ எங்கள் ஊரைத் தாண்டித் தெற்கே போய், குடிவரவும் சுங்கமும் முடித்து, பிறகு 350 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் இருந்து திரும்பி வரவேண்டும். சீட்டில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு அது தகாது என்பதே என் எண்ணம்.

இவ்வளவு கிட்டவென்றால் பலாலிக்கு வர அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் போட்டிருப்பது ஏன் என்று நீ கேட்கலாம். இந்தப் பாதையில் வருவது சுழலி (புரொப்பெல்லர்) பூட்டிய ஏ.டி.ஆர். 72 வகை விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அந்தக் கணக்கில் முக்கால் மணித்தியாலம் போதும்; ஆனால் அட்டவணையில் போடும் நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து இங்கே வந்து நிற்கும்வரை உள்ளது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல உயர்வது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் விமானமே வந்தாலும் பெரிதாக நேரம் மிஞ்சாது.

இந்தப் பாதை நேற்றுத் தோன்றியதுமன்று. 1947 டிசம்பரில் அன்றைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கித்தான் சென்னைக்குப் போனது. போர் அந்த வழியை அடைத்தது. 2019 நவம்பரில் மீண்டும் தொடங்கிய சேவை கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்ததை எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தாமல் விட்டால், பிறகு பயணிகள் இல்லையென்று நிறுத்தப்படும்போது நாங்கள் யாரை நோவது?

வலப்பக்கத்து யன்னல் இருக்கையாகக் கேள். இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. வானம் தெளிவாக இருந்தால் தமிழ்நாட்டுக் கரை நெடுகத் தெரியும். கோடியக்கரையிலிருந்து பலாலிக்கு நேராக 60 கிலோமீற்றர் அளவுதான். கடல் முடியும்போது பனங்கூடல்களும் செம்மண் தோட்டங்களும் வந்துவிடும். சுழலிக்கு நேரே இருந்தால் இரைச்சல் அதிகம், ஆதலால் பின்வரிசையே நல்லது. சிறிய விமானம் என்பதால் பொதிகளின் நிறையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்.

திகதியை எழுதினால் பலாலிக்கு நானே வருகிறேன். அம்மம்மாவும் கூட வரவேண்டுமென்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

அன்புடன்,
அப்பா