குடும்பப் பிரச்சினை என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தற்கொலைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைக் கொடுத்திருந்தீர்கள். நாடு முழுக்க 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். காரணங்களில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், மது மற்றும் போதைப் பழக்கம் 6.8 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, குடியால் போகிற உயிர் கொஞ்சம்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இப்படி ஒரு சாவு விழுந்தால் பிரேத விசாரணை முடியும்வரை கூடவே நிற்க வேண்டியிருக்கும். "என்னய்யா காரணம்?" என்று காவலர் கேட்பார். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் சித்தப்பாவோ மாமனோ வாயைத் திறந்து, "வீட்ல கொஞ்சம் பிரச்சினைங்க சார்" என்பார். வயசுப்பெண் இருக்கிற வீடு, குடிகாரக் குடும்பம் என்ற பெயர் வேண்டாம் என்றுதான் அப்படிச் சொல்வார்கள். அந்த வார்த்தை அப்படியே தாளில் ஏறிவிடும்.

ஒரு வீட்டை என்னால் மறக்க முடியவில்லை. கொத்தனார் வேலை பார்த்தவர், முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். கிளம்பிய அவசரத்தில் மூத்த பெண்ணின் பள்ளிக்கூடப் பையை மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள். அது ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சேதி கேட்டு ஓடி வந்த மனைவி, வந்தவர் போனவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "நான் போயிருக்கக் கூடாதுங்களா?" யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் பேப்பரில், 'மனைவி பிரிந்த விரக்தியில் தொழிலாளி தற்கொலை' என்று வந்தது. நாலைந்து வருடக் குடி, குழுக் கடன், அடகுக்குப் போய்த் திரும்பாத கம்மல், அடி தாங்காமல் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்த ராத்திரிகள், எதற்கும் அதில் இடமில்லை. குடி செய்த பாவம் அந்தப் பெண் தலையில் விழுந்தது. இப்படித் தலைப்புப் போடுவதை உங்கள் இதழ் உட்பட எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

குடிக்காத வீட்டிலும் இந்தச் சாவு நடக்கிறது, தெரியும். ஒரே ஒரு காரணத்தால் யாரும் இந்த முடிவுக்குப் போவதில்லை என்று மருத்துவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் குடி, இருக்கிற மனச்சோர்வை இன்னும் ஆழமாக்குகிறது, ஒரு நிமிஷம் நின்று யோசிக்க விடுவதில்லை. நிறுத்திப் பிடிக்கக்கூடிய ஆட்களையும் அதுவே வீட்டைவிட்டு விரட்டிவிடுகிறது. அப்புறம் அந்த மனிதர் தனியாக இருக்கிறார். அந்த நாட்கள்தான் ரொம்ப ஆபத்தானவை.

பெண்கள் கணக்கும் மனதை அறுக்கிறது. 2022இல் இறந்த பெண்கள் 48,172 பேரில் 25,309 பேர் இல்லத்தரசிகள். இவர்களில் எத்தனை பேரின் கணவர் குடித்தார் என்று குறிக்க அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சோவியத் நாட்டின் தலைவராக இருந்த கோர்பச்சேவ் 1985இல் மது உற்பத்தியையும் விற்கும் நேரத்தையும் கடுமையாகக் குறைத்தார். அடுத்த ஆண்டே ரஷ்யாவில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. கட்டுப்பாடு தளர்ந்ததும், நாடு உடைந்த குழப்பமும் சேர்ந்துகொள்ள, 1994க்குள் பழைய அளவையும் தாண்டிவிட்டது.

நம் அரசு 2023 ஜூனில் 500 மதுக்கடைகளை மூடியது. நல்லதுதான். ஆனால் கடை மூடினால் மட்டும் குடிநோய் தீராது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில், குடிப்பவரோடு வீட்டாருக்கும் சேர்த்து ஆலோசனை கொடுத்தார்கள். அந்த மாதிரி ஏற்பாடு ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் வேண்டும். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையே கையில் வைத்திருக்கிற அரசுக்கு இதற்குப் பணமில்லை என்று சொல்ல முடியாது. காவல் நிலையப் படிவத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் எழுத இடம் விட வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செய்திகளுக்குக் கீழே 104, 14416 என்ற உதவி எண்களைப் போடுகிறீர்கள். அதோடு, 'குடிப்பவரோடு வாழ்கிற மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடலாம்' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
திருவாரூர் மாவட்டம்.