சரிவை எத்தனை அடி வெட்டுவாய் என்று கேளுங்கள்

மலையில் வீடு கட்ட அனுமதி தரும் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காப்பிக்காட்டுக்குள் 500 சதுர அடியில் நானும் மனைவியும் எங்கள் கையாலேயே வீடு கட்டுகிறோம். பட்டா நிலம்தான், காப்புக்காடு அல்ல. மலையிடப் பாதுகாப்பு விதிகள் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். என் வருத்தம் வேறு.

வரைபடத்தோடு போய் நின்றபோது வந்த முதல் கேள்வி, “ஈ.பி. சர்வீஸ் எங்கே?” அடுத்தது, “செப்டிக் டேங்க் காட்டலையே?” மூன்றாவது, “மண் சுவரா?” சரிவை எத்தனை அடி வெட்டுவாய் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் வெட்டவே இல்லை. மேட்டுப்பக்கம் ஒரு அடி, பள்ளத்துப்பக்கம் ஐந்து அடி என்று கருங்கல் தூண் நட்டு, அதன்மேல் வீட்டை உட்கார வைத்தோம். கனமான சுவர் ஆகாது என்பதால் மூங்கில் தப்பையைப் பின்னி இரண்டு பக்கமும் மண் அப்பினோம். மண் பார்த்துச் சொன்னவர் பக்கத்து ஊர் மலையாளிப் பழங்குடிப் பெரியவர். ஈரமண்ணைச் சுருட்டுப்போல உருட்டி, உள்ளங்கை ஓரத்திலிருந்து மெல்ல வெளியே தள்ளினார். இரண்டு விரற்கடைக்குள் முறிந்தால் மணல் அதிகம். எங்கள் மண்ணோ ஒரு சாண் தொங்கியும் முறியவில்லை. “களி ஜாஸ்தி. காஞ்சா வெடிக்கும் தம்பி, மணல் போடு” என்றார். போட்டோம். வெடிக்கவில்லை.

ஈ.பி. இல்லாததும் யோசித்துத்தான். ஒரு கிலோவாட் சோலார் வெயில் நாளில் நாலு யூனிட் தரும். கார்த்திகை மூடுபனியில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது. அதனால் ஃபிரிட்ஜ் கிடையாது, மிக்ஸி உச்சி வெயிலில் மட்டும். (மற்ற நேரம் அம்மி. இதை நான் பெருமையாகச் சொல்வேன். என் மனைவி சொல்ல மாட்டாள்.) தண்ணீர் கூரையிலிருந்து. இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை, 46 சதுர மீட்டர் கூரைக்கு 69,000 லிட்டர், சிந்தியது போக 50,000 ஆவது நிற்கும். அப்புறம் செப்டிக் டேங்குக்குப் பதில் இரட்டைக் குழிக் கழிப்பறை, ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்கு மாற்றிக்கொள்வது. தூய்மை இந்தியா திட்டத்தில் அரசே ஊர் ஊராகச் சொன்னதுதான் அது.

எங்களுக்குக் கீழே ஒரு விடுதிக்காக ஜே.சி.பி. விட்டுச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் சுவரெல்லாம் ஊற்று கசிகிறது. அதன் விண்ணப்பத்தில் ஈ.பி., செப்டிக் டேங்க், கான்கிரீட் எல்லாம் சரியாக இருந்திருக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: எத்தனை அடி வெட்டு, எத்தனை மரம், மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும். பதிலை மேசையில் வைத்துப் பார்க்காமல் இடத்துக்கு வந்து பாருங்கள்.

எங்களிடமே தொடங்கலாம். ஐப்பசியில், மழை வலுத்த நாளாகப் பார்த்து வாருங்கள். தூண்களுக்கு நடுவே தண்ணீர் போவதைக் காட்டுகிறேன். ஜீப் மேலேயே நின்றுவிடும். கடைசி அரை கிலோமீட்டர் வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.