ஊசிக்குப் பணம் அனுப்பாதே

அன்புள்ள குமரனுக்கு,

நானும் அப்பாவும் நலம். முழங்கால் ஊசிக்கென்று நீ அனுப்புவதாகச் சொன்ன பணத்தை அனுப்ப வேண்டாம். பயம் என்று நினைக்காதே. வேலை பார்த்த காலமெல்லாம் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஊசி என்ன புதிதா?

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, உள்பக்கம் எலும்புகளுக்கிடையே இடைவெளி குறைந்திருப்பதைப் பேனா முனையால் காட்டினார். அதுவரை சரி. பிறகு, என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்தினால், எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்வது நின்றுவிடும் என்றார். உன் மெல்போர்னிலும் சிட்னியிலுமே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 288 பேர், சிலருக்கு இந்த ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். வாரம் ஒன்றாக மூன்று முறை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் வலியிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை, குருத்தெலும்பிலும் இல்லை. 2021இல் முடிவு வெளியானது. இங்கே இன்னும் பலகை வைத்து விற்கிறார்கள்!

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வாரத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டு அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மி.மீ. தேய்ந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 0.10 தான். வலியில் இரு தரப்பும் ஒன்றே.

ஸ்ப்ரிஃபெர்மின் என்று ஒரு மருந்து மட்டும் ஆசை காட்டுகிறது. இரண்டு ஆண்டில், மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு 0.05 மி.மீ. கூடுதலாக இருந்ததாம். வலி மட்டும் அவர்களைவிடக் குறையவில்லை. விற்பனைக்கும் வரவில்லை. ஸ்கேனில் தடித்து என்ன, நான் மாடிப்படி இறங்க வேண்டாமா?

இப்போது துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கிக் கீழே அழுத்துகிறேன். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். தொடைத்தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். எடையும் குறைய வேண்டும். அதற்கு உன் அப்பா வாங்கி வரும் மிக்சர் முதலில் நிற்க வேண்டும்.

எனக்குக் கவலை உன் சித்தியைப் பற்றித்தான். அடுத்த ஸ்டீராய்டு ஊசிக்கு நாள் குறித்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அந்த ஊசி போட்டால் சில நாள் ஏறும். நான் வாய் திறந்தால் "அக்கா டாக்டருக்கே பாடம் எடுப்பாள்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு போன் செய். நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
அம்மா