பழைய ஃபைல்கள் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் இருந்து இத்தனை வருடமாக எங்கள் டைப்பிங் கடைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு வாரமாக வாட்ஸாப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. நாலைந்து பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். நாங்கள் 2003-இல் அடித்துக் கொடுத்த பாகப்பிரிவினை வரைவைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கலாக வருகிறது என்கிறார் அதில் பேசுகிறவர். அது உண்மைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. "மறுபடியும் காசு வாங்கத்தான் ஃபைலைப் பூட்டிக் கொடுக்கிறார்கள்" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் எந்த ஃபைலையும் பூட்டியதே இல்லை. அந்தக் காலத்தில் தமிழ் அடிக்க நாங்கள் வைத்திருந்தது பாமினி ஃபாண்ட். அதில் அடித்த ஃபைலுக்குள் தமிழ் எழுத்தே இருக்காது. "தமிழ்" என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுவது ஃபாண்டின் வேலை. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். நாங்கள் அடித்ததில் ஒரு புள்ளிகூட அழிந்திருக்காது. பாமினியைப் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள், பத்திரம் பழையபடி நிற்கும். எங்களிடம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அன்று கடைக்குக் கடை வேறு வேறு ஃபாண்ட். எல்லோரும் ஒரே மாதிரி அடிக்கட்டும் என்று 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்த பிறகும் அப்படித்தான் ஓடியது. 2010-இல் அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உண்டு, ஃபைலுக்குள் தமிழாகவே பதிவாகும்; அதனால் அதில் அடித்தால் இந்தத் தொல்லை கிடையாது.

சிலருக்கு ஃபைலே திறப்பதில்லை. வேர்ட் 6.0, வேர்ட் 95 காலத்து ஃபைல்களைப் புது வேர்ட் பாதுகாப்புக்காகத் தானே தடுத்துவிடுகிறது. ஆப்ஷன்ஸில் டிரஸ்ட் சென்டருக்குள் போய், ஃபைல் பிளாக் செட்டிங்ஸில் அந்த வகைக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டுத் திறந்து, புது வடிவத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மறக்காமல் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் திறந்து பார்க்கலாம்.

ஒரு தவறு எங்கள் பக்கம் உண்டு. யூனிகோடு வந்தபோதே உங்கள் ஃபைல்களை மாற்றி, கூடவே பிடிஎஃப் ஒன்றும் கொடுத்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டதற்கு மன்னியுங்கள். யாருக்கு எந்த ஃபாண்டில் அடித்தோம் என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த எங்கள் டைப்பிஸ்ட் அக்கா, சித்திரையில் மகள் வீட்டோடு போய்விட்டார். 18 வருடம் கடையைத் தாங்கியவர். அவர் இல்லாததால் இப்போது ஒவ்வொரு ஃபைலையும் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

யூனிகோடுக்கு மாற்றுவதும் ஒரே கிளிக்கில் முடிகிற வேலை இல்லை. நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் மென்பொருள் பாமினி என்று நினைத்து, பொருளில்லாத தமிழாக்கிவிடும். பத்திரத்தில் ஒரு பெயர் மாறினால் என்ன ஆகும் என்று இங்குள்ள வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வரி வரியாகப் படித்துத்தான் கொடுக்கிறோம். இதற்குப் பக்கத்துக்கு 15 ரூபாய் ஆகிறது. ஃபாண்ட் போட்டுக் கொடுப்பதற்குக் காசு வேண்டாம்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடைக்குள் தண்ணீர் இறங்கி இரண்டு கம்ப்யூட்டர் போயின. அந்த வாரம் கரண்டே இல்லாத கடைக்கு வந்து, "மெதுவாக அடித்துக் கொடுங்கள், காத்திருக்கிறோம்" என்றவர்கள் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அந்தக் குரல் பதிவைப் போட்டவரும் நம் வாடிக்கையாளர்தான். அவர் வந்தால் எதிரில் உட்கார வைத்தே திறந்து காட்டுகிறேன்.

சிடியோ பென்டிரைவோ எதுவானாலும் எடுத்து வாருங்கள். பழைய அச்சுப் பிரதி வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுவந்தால், ஒப்பிட்டுப் படிக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்