நூல்கண்டு கேட்டு ஒரு கடிதம்

கடலூர் முதுநகர்,
மே 3

அன்புள்ள கோவிந்து,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் போடவில்லை. உன் பெண் வளைகாப்புக்கு வரவில்லை. மூன்று தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முட்டி வலி என்று சொல்லிவிடலாம், நீ நம்பமாட்டாய். ஜனவரியில் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே நாளைத் தள்ளினேன். போனில் என்றால் வாய் உளறும், அதனால் காகிதம்.

படகு வாங்கியிருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. 12 அடி நீளம், ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய். மோட்டார் கிடையாது. புதுச்சேரியில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார். ஃப்ரிட்ஜ், மேசை, நாய்க்கூண்டு எல்லாம் விற்றார், கடைசியில் இதையும். நான் போனது மேசை பார்க்க. 40,000 ரூபாய். என் வீட்டுக்காரியிடம், அதான் உன் தங்கச்சியிடம், 15,000 என்று சொல்லியிருக்கிறேன். நீ ஊருக்கு வரும்போது இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்.

டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தோம். புதுச்சேரிப் பக்கமிருந்து தார்ப்பாய் மூடி எது வந்தாலும் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? படகைத் தட்டிப் பார்த்தார்கள். உள்ளே காலியாக 'டொங்' என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. அரை மணி நேரம். கடைசியில் ஒரு பாட்டிலும் இல்லை என்று தெரிந்தபோது அவர்களுக்குப் படகு ஓட்டத் தெரியாத என் மேல் பரிதாபமே வந்துவிட்டது. ஒரு காலத்தில் உன் ஸ்கூட்டர் டிக்கியில் என்ன வந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மூன்று மாதம் கொல்லைப்புறத்தில் கிடந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் யூடியூபில் பாடம் படித்தேன். காற்று வருகிற திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் போகாது, ஏறக்குறைய 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சுக்கான் திருப்பிப் பழகினேன். உன் தங்கச்சி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எவ்வளவு மோசம் என்று கல்யாணமான உனக்குத் தெரியும்.

இறக்கிய நாள் ஏப்ரல் கடைசி ஞாயிறு. நாள் பார்த்தேன், நேரம் பார்த்தேன், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை: ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு ஒன்றுவிடாமல் உப்பனாற்றில் கட்டிக் கிடக்கிறது. லாஞ்சுக்காரர்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டு, பொழுது போகாமல் இருக்கிறார்கள். அங்கே போய் நான், ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டை, தொப்பி, கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் போன் சகிதமாக இறங்குகிறேன். வலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள். பையன்கள் படகுக்கு 'சோப்பு டப்பா' என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள். அது இனி மாறாது. நம் வகுப்பில் வைத்த பெயர் எதுவாவது மாறியிருக்கிறதா, 'கொத்தவரங்கா' இன்று தாசில்தார் ஆகியும்?

கச்சான், அதாவது மேற்குக் காற்று, மெதுவாக வீசிக்கொண்டிருந்தது. பாயை ஏற்றினேன், ஏறியது. கயிற்றை இழுத்தேன், பாய் புடைத்தது. படகு கிளம்பியது, ஆனால் முன்னால் போகவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் போயிற்று. நான் அணியத்தை, அதாவது படகின் மூக்கை, தெற்கே திருப்புகிறேன், படகு கிழக்கே நகர்கிறது. நீர் வேறு வற்றிக்கொண்டிருந்த நேரம். ஆறு முழுவதும் முகத்துவாரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது; காற்று ஒரு பக்கம் தள்ள, ஆறு ஒரு பக்கம் இழுக்க, நான் நடுவில் ரொம்பக் கம்பீரமாக சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து பார்த்தவர்கள் நான் வேண்டுமென்றே போகிறேன் என்று நினைத்திருக்கக்கூடும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

காரணம் சின்னது. படகின் நடுவில் ஒரு பொந்து இருக்கிறது. அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அது இருந்தால்தான் படகு பக்கவாட்டில் வழுக்காமல் முன்னே போகும். என் பலகை பிளைவுட். கொல்லையில் மழையிலும் பனியிலும் ஊறி உப்பியிருந்தது. பாதிதான் இறங்கியது. பாதி போதும் என்று நினைத்தேன். கணக்கில் நான் எப்போதும் அப்படித்தானே, 35 வாங்கினால் போதும் என்று.

சிங்காரத்தோப்புப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். சோப்பு டப்பா நேராகப் போய் அவர் வலை மேல் நின்றது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு கையால் படகைப் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, "அடைப்பலகைய யாரு சார் பாதியில நிறுத்துவாங்க?" என்றார். ஏறி உட்கார்ந்தார். குதிகாலால் இரண்டு மிதி. பலகை முழுக்க இறங்கியது. மூன்று மாதம் நான் அதற்குப் பெயர் தெரியாமல் 'டேகர் போர்டு, டேகர் போர்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், கோவிந்து. பெயர் நம் ஆற்றங்கரையிலேயே இருந்திருக்கிறது. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சானாம். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு தாமான். பாயின் அடியில் இருந்த கம்பை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார். "எங்க பாயில பருமல் மேல இருக்கும். இதுல எதுக்குக் கீழே வச்சிருக்கான், மண்டைய உடைக்கவா?" என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை உடைத்தாயிற்று என்று நான் சொல்லவில்லை.

திருப்பிக் கரையில் விடுவார் என்று நினைத்தேன். அவர் வலையைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, அணியத்தை முகத்துவாரத்துக்கு நேராக வைத்தார். "பெரியவரே, வீட்டில் முகத்துவாரம் தாண்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்" என்றேன். "நீங்க எங்க சார் தாண்டுறீங்க? நான்தானே ஓட்டுறேன்" என்றார்.

அலை உடைகிற இடத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை என்பதை ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுகிறேன். வெளியே போனபின் பயம் போய்விட்டது. தாமானை அவர் இழுத்துக் கட்டவே இல்லை. கால் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டார். காற்று கொஞ்சம் கூடினால் விரல் தானாகத் தளரும், குறைந்தால் இழுக்கும். நான் பார்த்த எந்த வீடியோவிலும் இது இல்லை.

இப்போது உனக்கு விருப்பமான விஷயத்துக்கு வருகிறேன். கரையை விட்டு ஒரு மைல் போயிருப்போம். காற்று இளைத்தது. உடனே அவர் குனிந்து, கையால் கடல் தண்ணீரை அள்ளிப் பாயின் மேல் வீசினார். ஒரு தடவை, இரண்டு தடவை. தண்ணீர் முத்து முத்தாக வழுக்கி மடியில் விழுந்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார், சிரித்தார். அவர் காலத்தில் பாய் பருத்தித் துணி. பட்டைச் சாயத்தில் ஊறவைத்துக் காயப்போடுவார்களாம், மட்காமல் இருக்க. காற்று இளைத்தால் தண்ணீர் தெளிப்பார்கள். நூல் நனைந்து உப்பினால் நெசவில் இருக்கிற சந்தெல்லாம் அடைபட்டுக் காற்று கசியாமல் நிற்கும். முப்பது வருடமாகத் திருப்பூரில் நூல் விற்கிற நீ எனக்கு இதை ஒருநாளாவது சொல்லியிருக்கிறாயா? என் பாய் பாலியஸ்டர். அது தண்ணீரைக் குடிக்காது. அவர் கைக்கு அது தெரியவில்லை. கை பழையபடி அள்ளிவிட்டது.

பத்து மணிக்குக் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பாய் தொங்கிற்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் வெற்றிலை மடித்தார். கரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று வருவதற்குள் இப்படி ஒரு இடைவெளி இருக்குமாம். இருட்டில் கரைக்காற்றில் போவார்கள், உச்சிப் பொழுதில் கடல்காற்றில் திரும்புவார்கள், நடுவில் வலை வேலை, அவ்வளவுதான் கணக்கு. "இஞ்சின் வந்தப்புறம் யாரு சார் காத்து பாக்குறா, டீசல்தான் பாக்குறாங்க" என்றார். அவர் மகன் ஃபைபர் படகு ஓட்டுகிறான். அவனுக்கு ஆஞ்சான் தெரியாதாம்.

எனக்கு நம் வரலாற்று வாத்தியார் ஞாபகம் வந்தார். 1783 ஜூனில் இதே கடலூருக்கு எதிரே இங்கிலீஷ்காரன் 18 கப்பல், பிரெஞ்சுக்காரன் 15 கப்பல். இரண்டு பேரும் காற்றுக்காக நாள் கணக்கில் ஒருவரை ஒருவர் சுற்றிவிட்டுக் கடைசியில் 20-ஆம் தேதி சண்டை போட்டார்கள் என்று சொல்வாரே. நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய். ஐரோப்பாவில் அதற்கு முன்பே சமாதானம் பேசி முடித்தாயிற்று, செய்திதான் இங்கே வந்து சேரவில்லை. நானும் உன் தங்கச்சியும் போடுகிற சண்டை பாதி அந்த ரகம். அப்பேர்ப்பட்ட கப்பலே காற்றுக்குக் காத்துக் கிடந்திருக்கிறது, சோப்பு டப்பா எம்மாத்திரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காத்துக் கிடந்த நேரத்தில் நீரோட்டம் எங்களை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் எதிரே தேவனாம்பட்டினம்.

கோவிந்து, இந்தப் பக்கத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரியவரின் கட்டுமரமும் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் போயிருக்கிறது. அப்புறம் நாலு பேருக்கு ஒன்று என்று கொடுத்ததெல்லாம் ஃபைபர் படகு. "மரம் போனா மரம் கட்டலாம்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ அந்த நாளுக்கு அப்புறம் மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டிக் கிழக்கே வந்ததில்லை. பத்திரிகை வைக்க வந்தபோதுகூட அங்கேயே டீ குடித்துவிட்டு பஸ் ஏறினாய். படகு வாங்கியதை உன்னிடம் சொல்லாததற்கு இதுதான் காரணம், முட்டி இல்லை. வருடா வருடம் டிசம்பர் 26 அன்று பால் ஊற்றப் போகிறவர்களோடு நானும் போகிறேன். உன் பேரையும் சொல்லித்தான் ஊற்றுகிறேன். இதையும் சொன்னதில்லை. கடலுக்குள்ளிருந்து அந்தக் கரையைப் பார்ப்பது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

பதினொன்றரை மணிக்குத் தென்கிழக்கே தண்ணீர் மேல் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. "வருது" என்றார் பெரியவர். கோடு எங்களைத் தொட்டதும் பாய் சடாரென்று நிமிர்ந்தது. முகத்துவாரம் வரை நான்தான் ஓட்டினேன். அவர் என் கையைத் தொடவே இல்லை, மூன்று தடவை உச்சுக்கொட்டினார், அவ்வளவுதான். அறுபது வயதில் இவ்வளவு சந்தோஷம் நல்லதா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன். ஆற்றுக்குள் திரும்பும்போது காற்று பின்னாலிருந்து மாறியடித்து, கீழ்ப்பருமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பறந்தது. நான் குனிந்துவிட்டேன். பாய் போய்க் கட்டிக் கிடந்த ஒரு லாஞ்சின் ஆணியில் மாட்டி, ஓரத் தையல் இரண்டு அடிக்குப் பிரிந்துவிட்டது. கரையில் கைதட்டல்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, தையல்தான் போயிற்று. பார்த்தால் மற்ற இடத்திலும் நூல் விரலால் தேய்த்தாலே பொடிகிறது. நூல் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் வெயில் முதலில் அதைத்தான் தின்கிறது. இங்கே டெய்லர் நைலான் நூல் கொடுத்தார். நைலான் இழுபடும் என்று நான் வாங்கவில்லை. வெயில் தாங்குகிற, முறுக்குப் பிரியாத தடித்த பாலியஸ்டர் நூல் எந்த நம்பரில் வரும்? பழைய தையல் வளைந்து வளைந்து ஜிக்ஜாக்காகப் போகிறது. சாதாரண மிஷினில் அது விழுமா, கையால் போடவா? நூல் இரண்டு கண்டு அனுப்பு. வெள்ளை வேண்டாம், ஏதாவது அடர்ந்த நிறம். தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஊசியும் நீயே பார்த்து வை. பெரியவர் அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்குள் வந்தால் நல்லது.

உன் வீட்டில் தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். பேரனா பேத்தியா என்று உடனே தெரிவி.

இப்படிக்கு,
மணி

பி.கு.: கூரியரை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. என் தம்பி கடைக்கு அனுப்பு. உன் தங்கச்சி பிரித்துப் பார்ப்பாள், பில்லையும் வைத்துத் தொலைக்காதே.