அந்தக் கேசட்டைப் பற்றி, அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியம்மாவின் ஆண்டுத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, "பஸ்ஸிலயா வந்த?" என்று கேட்டீர்கள். "ஆமாண்ணே" என்றேன். இந்த ஓராண்டில் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். இதைத் தபாலில் அனுப்பினால் நீங்கள் உறையைப் பிரிக்கமாட்டீர்கள் என்பதாலும், இங்கே எழுதினால் உங்கள் மகள் எப்படியும் வாசித்துக் காட்டிவிடுவாள் என்பதாலும் இங்கே எழுதுகிறேன். உறவினர்களும் வாசிப்பார்கள்; ஆகவே சில இடங்களில் நான் சுற்றி வளைத்துப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு நாகர்கோவில் வந்து சேர்ந்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்'. நாடாவில் பூஞ்சை படர்ந்திருந்தது, போட்டுக் கேட்கக் கருவியும் இல்லை. கைப்பேசியில் தேடி எடுத்து, பன்னிரண்டு பாடல்களையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முழுமையாகக் கேட்டேன். முழுமையாகக் கேட்டது அதுவே முதல் முறை. இத்தனை ஆண்டுகளாக அந்த ஆல்பத்தை நான் வசைபாடியது முதல் பாடலின் பாதியையும், பிறகு ஒருநாள் தாவித் தாவிக் கேட்ட சில துண்டுகளையும் வைத்துத்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

1992 டிசம்பர், முட்டம், உங்கள் வீட்டுத் திண்ணை. நாம் நால்வரும் இருந்தோம். நீங்கள் துபாயிலிருந்து வந்து மூன்றாவது நாள். பானசோனிக் டேப்ரெக்கார்டரை முக்காலியில் வைத்து, அதன் கைப்பிடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேசட்டின் மேலிருந்த பாலித்தீன் உறையைப் பல்லால் கிழித்தீர்கள். இடது கையைக் கைலி மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தீர்கள். கலங்கரை விளக்கத்தின் ஒளி சுற்றி வந்து தென்னை உச்சிகளைத் தொட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 'காலிங் எல்விஸ்' தொடங்கியது. ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு, கிட்டத்தட்ட ஒரே சுருதியில் தாளத்தை உருட்டிக்கொண்டே போகிறது. அதில் மூன்று நிமிடம் பொறுத்திருப்பேன். எழுந்து போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். "ஆளுக்கு வெரலு போயாச்சு" என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

பாடகரைத்தான் சொன்னேன், உங்கள் கையைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது என்று பலரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தெரியும், அண்ணே. அதற்கு முந்தின நாளே கிணற்றடியில் வைத்துப் பெரியம்மா சொல்லிவிட்டார்கள். வேலையிடத்தில் இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடது கை மாட்டியதையும், இரண்டு விரல்களின் நுனி போனதையும், "அவங்கிட்ட கேட்டுராத மக்களே" என்று எச்சரித்ததையும் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்கள். தெரிந்தேதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கும் காரணம் உண்டு, அதையும் கேளுங்கள். ஆறு வருடம் காத்திருந்த ஆல்பம் அது. 1985-இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' நாடாவை நாம் எத்தனை முறை பென்சிலால் சுற்றி மீட்டோம்! உலகத்துக்கே அது பெரிய ஆல்பம். குறுந்தகடு வடிவில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் ஆல்பம் அதுதான். குழுவின் பாடகரும் கிதார்க்காரருமான மார்க் நாப்ளர் பிறவியில் இடது கைப் பழக்கக்காரர், ஆனாலும் கிதாரை வலது கைக்காரரைப் போலவே பிடிப்பார், பிக் என்னும் மீட்டுதகடு இல்லாமல் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் மீட்டுவார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். என் கட்டைவிரலைப் பிடித்துக் கீழ்ச்சுருதிக் கம்பியில் பதித்து, மற்ற இரண்டையும் கிள்ளுவதுபோல் இழுக்க வைத்து, ஒரே நகர்வை இரவு முழுக்கச் செய்ய வைத்தீர்கள். பிறகு 1991-இல் புறப்பட்டுப் போனீர்கள். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வாசிப்பதாக நாம் வாக்குக் கொடுத்திருந்ததும், ஆம்ப்ளிபயர் வாடகைக்கு யார் பொறுப்பேற்றார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதில் தொடர்புடைய இருவர் இதை வாசிப்பார்கள் என்பதால் இத்துடன் விடுகிறேன். பத்தொன்பது வயதுப் பையன் தனியே நின்று கடன்காரர்களுக்குப் பதில் சொன்னான் என்று மட்டும் சொல்லலாம். நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள். அதில் வெயிலைப் பற்றி இருந்தது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். அது இன்றும் எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக மாற்றிச் சொல்லமாட்டேன். 'ஹெவி ஃபியூவல்' முந்தைய ஆல்பத்தின் 'மனி ஃபார் நத்திங்' பாட்டைக் கூலிக்கு ஆள் வைத்து மறுபடி செய்ததுபோல இருக்கிறது. 'மை பார்ட்டீஸ்' பாட்டில் கிண்டல் இருக்கிறது, சிரிப்பு வரவில்லை. தொலைக்காட்சிப் பிரசங்கிகளுக்குப் பணம் அனுப்பும் அப்பாவியைப் பற்றிய 'டிக்கெட் டு ஹெவன்' நம் மாவட்டத்தில் கேட்க வேண்டிய பாட்டுதான், ஆனால் அதைப் பற்றி இங்கே மேலே எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கஷ்டம். வாசித்தவர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள். ஒவ்வொரு ஒலியும் துடைத்து வைத்த பாத்திரம்போல இருக்கிறது, அதுவே கோளாறு. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த ஆல்பம் என்பது வேறு விஷயம்.

ஆனால் 'அயர்ன் ஹேண்ட்' இருக்கிறது. 1984 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது இங்கிலாந்தின் ஓர்க்ரீவில் குதிரைப் போலீசார் தொழிலாளர்கள்மீது பாய்ந்ததைப் பற்றிய பாட்டு. மூன்றே நிமிடம், குரலை உயர்த்தவே இல்லை. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டும் இருக்கிறது. சொற்கள் பாதியிலேயே தீர்ந்துவிட, ஒரே சிறு கிதார்த் துணுக்கு திரும்பத் திரும்ப வந்து, டிரம்ஸ் மெல்ல மெல்ல அடியிலிருந்து ஏறி வருகிறது. பெரும்பாலான பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்த ஜெஃப் போர்காரோ, நாம் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த ஆண்டின் ஆகஸ்டிலேயே இறந்துபோயிருந்தார். குழுவின் இசைப்பயணமும் அக்டோபரில் ஸ்பெயின் நாட்டுச் சரகோசாவில் முடிந்துவிட்டது. அதன்பிறகு அவர்கள் புதிய ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் செய்யவில்லை. முடிந்துபோன ஒன்றுக்காகத்தான் நாம் அன்று சண்டையிட்டோம், நமக்குத் தெரியவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அன்று நான் பொத்தானை அழுத்திய பிறகு நீங்கள் கோபப்படவில்லை. கேசட்டை விரைவாக ஓட்டி, எதையோ தேடி நிறுத்தி, "இதக் கேளு மக்கா, இது வெரலு இல்ல, இரும்பு" என்றீர்கள். உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த வார்த்தையைக் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த ஆல்பத்தில் பால் ஃபிராங்க்ளின் என்பவர் பெடல் ஸ்டீல் வாசிக்கிறார். மேசைபோலக் கால்கள் வைத்த கிடைமட்டக் கருவி. இடது கை விரல்களால் கம்பியை அழுத்தவே வேண்டாம். வழவழப்பான இரும்புக் கட்டை ஒன்றைப் பிடித்துக் கம்பிகளின்மேல் வழுக்கினால் போதும், சுருதி அழுதுகொண்டே ஏறும், இறங்கும். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிதாரின் வழித்தோன்றல்தான் அது. இதையெல்லாம் இந்த ஆண்டுதான் தெரிந்துகொண்டேன். நுனி போன இரண்டு விரல்களோடு துபாயில் ஒரு கடையில் நின்று அந்த ஒலியைக் கேட்டுவிட்டு, அதை எனக்குக் காட்டத்தான் கேசட்டை வாங்கி வந்தீர்களா? நான் கேட்கவில்லை, நீங்களும் இரண்டாம் முறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொறுமைசாலி என்று ஊரே உங்களைப் புகழ்கிறது. பொறுமையாக இருந்து இருந்தே ஒரு மனிதனை முப்பது வருடம் குற்றவாளியாக நிறுத்தி வைக்க முடியும், அண்ணே. பெரியம்மா படுத்த படுக்கையானபோதும் நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் மனிதர் சொல்லித்தான் வந்தேன்.

இதை அழித்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். இருக்கட்டும்.

உங்கள் கிவ்சன் கிதார் என்னிடமே இருக்கிறது. "பத்திரமா வச்சுக்கோ" என்று கொடுத்துப் போனதை நான் திருப்பித் தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், யாரையும் தொட விடவில்லை. போன வாரம் அதைத் துடைத்து, கம்பிகள் அமரும் நட்டின்மேல் வளைத்த இரும்புத் துண்டு ஒன்றைச் செருகி, கம்பிகளைப் பலகையிலிருந்து உயர்த்தினேன். டி, ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி கூட்டினால் மடியில் படுக்க வைத்து வாசிக்கலாம். நான் முயன்று பார்த்தேன், பூனை கத்துவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மாலைப் பேருந்தில் அதை எடுத்துக்கொண்டு முட்டம் வருகிறேன். முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயில் நாலு அங்குலம் வெட்டி, விளிம்பை அரம் போட்டு வையுங்கள். முதல் கம்பி அறுந்துவிட்டது. வடசேரியில் கிடைத்தால் வாங்கி வருகிறேன்.

உங்கள் தம்பி